பவர் சப்ளையில் 5.04, ஐசி காலில் 4.57

இந்த ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) போர்டுக்கு ஒரே ஒரு நோய்தான். ஆட்டம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடும். பிறகு ஒரு நொடி திரையில் ஸ்ப்ரைட்டுகள் (ஆட்டத்தின் நகரும் உருவங்கள்) சிதறும், உடனே ரிசெட் ஆகி ரேம் சோதனைத் திரைக்குப் போய்விடும். அதன்பின் சில நிமிடத்துக்கு ஒருமுறை அதே கதை. அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் பத்து நிமிடம் நன்றாக ஓடும்.

1980-களின் இறுதியில் வந்த ஆர்கேட் போர்டு இது. 68000 ப்ராசஸர், ஒலிக்குத் தனியாக ஒரு இசட்80, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பலகைகள், ஓரத்தில் 56 தொடுமுனை கொண்ட ஜாமா (ஆர்கேட் போர்டுகளுக்கான பொதுத் தர இணைப்பு) கனெக்டர். என்னிடம் வருவதற்கு முன்பே ஒருவர் இதில் ப்ராசஸரை மாற்றியிருந்தார், இரண்டு ரேம் ஐசிகளைக் கழற்றி சாக்கெட் வைத்திருந்தார், ஈப்ரோம்களையும் (ஆட்டத்தின் ப்ரோகிராம் இருக்கும் நினைவக ஐசிகள்) புதிதாக எழுதிப் போட்டிருந்தார். எல்லாமே சுத்தமான வேலை. ஆனால் பயன் இல்லை. சூடானதும் பழுதாகிற போர்டைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் ஐசி மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஃப்ரீசர் ஸ்ப்ரேயை எடுத்து ஒவ்வொரு ஐசியாகக் குளிர்வித்துப் பார்த்ததில் ஒரு மாலை போனது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இனி இதுபோன்ற போர்டு எது வந்தாலும் மல்டிமீட்டர்தான் முதலில்.

பவர் சப்ளையின் முனையில் +5 வோல்ட் வரி 5.04 காட்டியது. நல்ல எண். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சப்ளை சரி என்று முடிவு செய்து, ஐசிகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். நான் அடுத்து, கறுப்பு லீடை பவர் சப்ளையின் கிரவுண்டு முனையில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, சிவப்பு ப்ரோபை மட்டும் போர்டின் மேல் நகர்த்திப் பார்த்தேன். கீழ்ப் பலகையில் ரிசெட் வேலையைப் பார்க்கும் டிஎல்7705 ஐசி இருக்கிறது. அதன் 8-ஆம் காலில் 4.77 வந்தது. 74எல்எஸ் வகை ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வரை அனுமதி. ஓரத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த 4.77 தவறான அளவு. கறுப்பு லீடு இருந்த இடம் தவறு. +5 கம்பியில் போகிற மின்னோட்டம் அத்தனையும் கிரவுண்டு கம்பி வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். வருகிற வழியில் இழப்பு இருந்தால் திரும்புகிற வழியிலும் இழப்பு இருக்கும். ஐசி தன் கிரவுண்டு காலை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கிறது. பவர் சப்ளையின் கிரவுண்டு எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. கறுப்பு ப்ரோபை அதே ஐசியின் 4-ஆம் காலுக்கு மாற்றினேன். மீட்டர் 4.57-க்கு இறங்கியது. ஒரு லீடின் இடம் மாறியதில் 0.2 வோல்ட் வித்தியாசம். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஐசிக்கு வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்க இரண்டு ப்ரோபும் அந்த ஐசியின் கால்களிலேயே இருக்க வேண்டும்.

டிஎல்7705 எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 5 வோல்ட் வரியைக் காவல் காக்கும் ஐசி அது. 7-ஆம் காலில் வரும் வோல்டேஜ் சுமார் 4.55-க்குக் கீழே போனால் 5-ஆம் காலைக் கீழே இழுத்து ப்ராசஸரை ரிசெட்டில் பிடித்து வைக்கும். வோல்டேஜ் மீண்ட பிறகும் உடனே விடாது. 3-ஆம் காலில் உள்ள கெப்பாசிட்டர் நிர்ணயிக்கும் நேரம் வரை காத்திருந்துதான் விடும். வேறு போர்டுகளில் இதே வேலைக்கு எம்பி3771 இருக்கும். அதன் எல்லை சுமார் 4.2 வோல்ட். ஆக, ஒரே சப்ளையில் ஒரு போர்டு ஓடி இன்னொன்று ரிசெட் ஆவதில் மர்மம் எதுவும் இல்லை. அந்த இரண்டாவது போர்டைக் குறை சொல்லவும் கூடாது; அது தன் கடமையைத்தான் செய்கிறது.

சரி, 4.57 என்பது 4.55-க்கு மேலேதானே இருக்கிறது, பிறகு ஏன் ரிசெட் ஆகிறது? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது. வாட்ச்டாக்தான் (ப்ரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கவனிக்கும் கவுண்டர்) ரிசெட் செய்கிறதோ என்றும் ஒரு சந்தேகம். ப்ரோகிராம் தடுமாறி, வாட்ச்டாக் கவுண்டரைக் குறித்த நேரத்துக்குள் அழிக்காமல் விட்டாலும் இதேபோல்தான் ரிசெட் ஆகும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் காரணங்கள் வேறு, தேட வேண்டிய இடங்களும் வேறு.

இரண்டையும் பிரித்தறிய ஓசிலோஸ்கோப் வேண்டும். முதல் சேனலை 7-ஆம் காலில் வைத்தேன், இரண்டாவதை 5-ஆம் காலில். இரண்டாவது சேனல் கீழே விழும்போது ட்ரிகர் ஆகும்படி, ஒரே ஒரு தடவை பிடிக்கும் முறையில் அமைத்துவிட்டுக் காத்திருந்தேன். ப்ரோபின் நீளமான கிரவுண்டு கம்பியைக் கழற்றிவிட்டு, நுனியில் மாட்டும் சிறிய ஸ்ப்ரிங்கைப் போட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நீளக் கம்பி ஆன்டெனாபோல வேலை செய்து, இல்லாத இரைச்சலை எல்லாம் காட்டும்.

பன்னிரண்டாவது நிமிடம் ட்ரிகர் ஆனது. 5-ஆம் கால் விழுந்திருந்தது, ஆக வாட்ச்டாக் இல்லை. 7-ஆம் காலின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது நேர்கோடாக இல்லை. பவர் சப்ளை ஸ்விட்ச் ஆகும் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் அலை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. உச்சிக்கும் பள்ளத்துக்கும் 40 மில்லிவோல்ட் தூரம். மீட்டர் சராசரியைச் சொல்கிறது, 4.57. அலையின் பள்ளம் அதைவிட 20 மில்லிவோல்ட் கீழே, அதாவது 4.55. டிஎல்7705 பார்ப்பது பள்ளத்தை. போர்டு குளிர்ச்சியாக இருக்கும்போது சராசரி 4.60 இருந்தது. பள்ளம் 4.58-இல் தப்பித்துக்கொண்டிருந்தது. சூடாக ஆக 30 மில்லிவோல்ட் குறைந்தது, அதோடு ஆட்டம் முடிந்தது.

ஆக, இரண்டு குற்றவாளிகள்: வழியில் காணாமல் போகும் 0.47 வோல்ட், அப்புறம் அந்த அலை.

காணாமல் போன வோல்டேஜைத் தேட சுலபமான ஒரு முறை இருக்கிறது. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை மில்லிவோல்ட் வரம்பில் வைத்து, ஒரே கம்பியின் இரு முனைகளில் இரண்டு ப்ரோபையும் வைக்க வேண்டும். இழப்பு இல்லாத இடத்தில் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இழக்கிற இடத்தில் எண் வரும். மின்னோட்டத்தை நிறுத்தி ஓம் அளவில் பார்த்தால் இது கிடைக்காது, 30 மில்லிஓமைச் சாதாரண மீட்டர் லீடின் எதிர்ப்பே மறைத்துவிடும். ஆனால் 3.5 ஆம்பியர் ஓடும்போது 30 மில்லிஓம் 105 மில்லிவோல்ட்டாக வெளியே தெரியும். (டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைச் சிவப்புக் கம்பியில் மாட்டிப் பார்த்ததில் இந்த போர்டு எடுத்தது 3.5 ஆம்பியர்.)

சூடாக இருக்கும்போது ஒவ்வொரு கட்டமாக அளந்து தாளில் எழுதினேன். +5 பக்கம்: பவர் சப்ளையின் ஸ்க்ரூ முனையில் 40 மில்லிவோல்ட், கம்பியில் 80, எட்ஜ் கனெக்டரில் (ஓரத்தில் உள்ள அந்த ஜாமா கனெக்டர்தான்) 120. கிரவுண்டு பக்கம்: ஸ்க்ரூ முனையில் 30, கம்பியில் 70, கனெக்டரில் 90. மேல் பலகையிலிருந்து கீழ்ப் பலகைக்குப் போகும் கனெக்டரில் +5 பக்கம் 30, கிரவுண்டு பக்கம் 10. கூட்டினால் 470. ஒரு மில்லிவோல்ட்கூட மிச்சமில்லாமல் கணக்கு நேரானபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இனி ஊகத்துக்கு இடமில்லை.

ஸ்க்ரூ முனையில் 40 என்பது அதிகம். கழற்றிப் பார்த்தால், இழைக் கம்பியின் நுனிக்கு யாரோ சால்டர் பூசி, அதன்மேல் ஸ்க்ரூவை இறுக்கியிருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சால்டர் மென்மையான உலோகம். அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். சில வருடத்தில் ஸ்க்ரூ தளர்ந்தே இருக்கும். நுனியை வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்ப் செய்யும் முள்கரண்டி வடிவ லக் போட்டேன்.

கம்பி 0.8 சதுர மில்லிமீட்டர், இரண்டே கால் முழத்தை விடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளலாம், அளந்தால் 1.1 மீட்டர். அந்தப் பருமனில் செம்பு மீட்டருக்கு 21 மில்லிஓம். 3.5 ஆம்பியருக்கு 80 மில்லிவோல்ட் போகத்தான் செய்யும்; கம்பியில் பழுது ஒன்றுமில்லை, இந்த வேலைக்கு அது மெல்லியது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு வைத்தேன். இப்போது ஒரு பக்கத்து இழப்பு 14 மில்லிவோல்ட்.

எட்ஜ் கனெக்டர்தான் மோசமாக இருந்தது. ஜாமாவில் +5-க்கு நான்கு தொடுமுனைகள் உண்டு: பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 3, 4, சால்டர் பக்கத்தில் சி, டி. கிரவுண்டுக்கு எட்டு: 1, 2, 27, 28, மறுபக்கத்தில் அவற்றுக்கு நேர் எதிரே உள்ள நான்கு. இந்த ஹார்னெஸ்ஸில் (போர்டுக்கு வரும் கம்பிக் கட்டு) +5-க்கு 3-ஆம் முனையில் மட்டும் ஒரே கம்பி. 4, சி, டி மூன்றும் வெறுமனே இருந்தன. மூன்றரை ஆம்பியரும் ஒரே முனை வழியாக ஓடியிருக்கிறது. அந்த இடத்தில் போர்டின் பொன்பூச்சு பழுப்பேறி இருந்தது, கனெக்டரின் பிளாஸ்டிக்கும் லேசாகக் கறுத்திருந்தது. இது தானாகவே வளரும் நோய்: எதிர்ப்பு கூடினால் சூடு, சூடு கூடினால் ஸ்ப்ரிங் தளர்ச்சி, தளர்ந்தால் இன்னும் எதிர்ப்பு. போர்டு பன்னிரண்டு நிமிடம் ஓடி நின்றதற்கும் இதுதான் காரணம். ஐசி சூடானதால் வந்த பழுது இல்லை, கனெக்டர் சூடானதால் வந்தது.

கனெக்டரைப் புதிதாகப் போட்டேன். நான்கு +5 முனைகளுக்கும் எட்டு கிரவுண்டு முனைகளுக்கும் கம்பி இணைத்தேன். போர்டின் ஓரத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்துத் துடைத்து, பழுப்பை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பொன்பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை செம்பு தெரிந்துவிட்டால் அந்த முனை ஆயுளுக்கும் கறுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் துகள் கனெக்டருக்குள் போகாமல் கடைசியாக மறுபடியும் ஆல்கஹாலில் துடைப்பது முக்கியம்.

இரண்டு பலகைகளுக்கு நடுவில் உள்ள கனெக்டரின் கால்களில் சால்டர் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரிகிறது. ஃப்ளக்ஸ் தடவி எல்லாக் கால்களையும் மறுபடி சூடாக்கினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தப் பிரச்சினையை ஐந்து நொடியில் "தீர்க்க" ஒரு வழி உண்டு. பவர் சப்ளையில் சிறிய பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். அதை 5.4 வரை திருப்பினால் ஐசியில் 4.9 வரும், ரிசெட் நின்றுவிடும். நானும் பல வருடத்துக்கு முன் இன்னொரு போர்டில் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு மாதம் ஓடியது. பிறகு யாரோ ஹார்னெஸ்ஸை அசைத்ததில் கனெக்டர் நன்றாகத் தொட்டுக்கொண்டது. இழப்பு மறைந்தது, 5.4 வோல்ட் அப்படியே ஐசிகளுக்குப் போனது. அன்று திரையில் வந்த குப்பை ஈப்ரோமிலிருந்து வந்தது. வயதான ஈப்ரோம்களில் எழுதிய பிட்டுகளின் சார்ஜ் காலப்போக்கில் கசிந்து குறைந்திருக்கும். சப்ளை வோல்டேஜ் ஏறும்போது அந்தப் பலவீனமான 0 பிட்டுகள் 1 என்று படிக்கப்படும். வோல்டேஜ் குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. பார்ப்பவருக்கு ரோம் பழுது என்றே தோன்றும். கனெக்டர் பழுதை அந்தத் திருகால் மூடி மறைப்பவர்கள் அடுத்து அந்த போர்டைத் தொடப்போகிறவருக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள். நான் செய்ததும் அநியாயம்தான்.

1980-களின் தொடக்கத்து அடாரி இயந்திரங்களில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். அவற்றின் ரெகுலேட்டர் போர்டு, தனியாக இரண்டு சென்ஸ் கம்பிகள் வழியாக கேம் போர்டில் எவ்வளவு வோல்டேஜ் வந்து சேர்கிறது என்று பார்த்து, இழப்பைத் தானே ஈடுகட்டும். அருமையான யோசனை. ஆனால் எட்ஜ் கனெக்டர் கெட்டுப்போனால் அதே யோசனை எதிராகத் திரும்பும்: கேம் போர்டில் 5 வர வேண்டுமென்று ரெகுலேட்டர் தன் வெளியீட்டைத் தள்ளிக்கொண்டே போகும், கனெக்டர் இன்னும் எரியும். அங்கும் மருந்து கனெக்டரில்தான்.

இனி அலை. பவர் சப்ளையின் முனையிலேயே 110 மில்லிவோல்ட் இருந்தது. போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கி 40 ஆக்கியிருந்தன. நல்ல ஸ்விட்சிங் சப்ளையில் 50-க்குள் எதிர்பார்ப்பேன்.

சப்ளையைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதை மனமாரச் சொல்கிறேன். உள்ளே மின்சாரம் நுழையும் பக்கத்தில் (ப்ரைமரி) உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் மின்சாரத்தில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மீட்டரில் அளந்து, மிச்சம் இருந்தால் சில கிலோஓம் கொண்ட பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மறுபடி அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். இதில் அனுபவம் இல்லாதவர்கள் சப்ளையைத் திறக்காமல் முழுசாக மாற்றிவிடுவதே நல்லது.

உள்ளே +5 வெளியீட்டில் 2200 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர்கள் மூன்று. ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது, மற்ற இரண்டும் பார்வைக்குப் புதிதுபோல. கழற்றி இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு) மீட்டரில் வைத்தபோது உப்பியது 0.6 ஓம், பார்க்க நன்றாக இருந்தவற்றில் ஒன்று 0.4 ஓம். மூன்றாவது மட்டும் 0.05-க்குள். கொள்ளளவு மூன்றிலும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதை மட்டும் அளந்திருந்தால் திருப்பி மாட்டியிருப்பேன். மூன்றையும் 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் வகைக்கு மாற்றினேன். பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடமும் தேய்ந்திருந்தது, விரல் பட்டாலே வோல்டேஜ் துள்ளியது. பல சுற்றுத் திருகும் வகை ஒன்றை அதன் இடத்தில் வைத்தேன்.

உடனே போர்டில் மாட்டவில்லை. கெப்பாசிட்டர் மாற்றிய சப்ளையை முதலில் போலிச் சுமையில்தான் ஓட்ட வேண்டும். இவ்வகை சப்ளைகளுக்குக் குறைந்தபட்சச் சுமை தேவை. வெறுமனே ஓட்டினால் எண்கள் நம்பத்தக்கவை அல்ல. அலுமினிய உறையிட்ட 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை ஹீட்சிங்க்கில் பூட்டி +5-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தால் 5 ஆம்பியர் எடுக்கும், 25 வாட் சூடு வரும். அரை மணி நேரம் ஓடியது, எண் அசையவில்லை. அலை 25 மில்லிவோல்ட்.

+12 வரியையும் பார்த்துக்கொண்டேன், 12.4. இந்த சப்ளை +5-ஐ மட்டுமே கவனித்துத் திருத்திக்கொள்கிறது, மற்ற வரிகள் அதன் பின்னால் இழுபடுகின்றன. +5-ஐ ஏற்றினால் +12-ம் சேர்ந்தே ஏறும். பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்ப யோசிப்பதற்கு இது இன்னொரு காரணம். -5 வரியை இந்த போர்டு பயன்படுத்தவில்லை. ஆனால் 4116 ரேம் அல்லது 8080 ப்ராசஸர் உள்ள இன்னும் பழைய போர்டுகளில் -5 உயிர்நாடி. அது இல்லாமல் +12 மட்டும் வந்தால் 4116 செத்தே போகலாம். அந்த வகையில் முதலில் அளக்க வேண்டியது -5.

போர்டை மாட்டும் முன் +5-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஓம் அளவு பார்த்தேன், ஷார்ட் இல்லை. +12-இலும் இல்லை; பழைய டான்டலம் கெப்பாசிட்டர்கள் அந்த வரியில்தான் அதிகம் ஷார்ட் ஆகின்றன.

மாட்டினேன். சப்ளை முனையில் 5.06 வைத்தேன். எட்ஜ் கனெக்டருக்கு அந்தப் பக்கம், போர்டின் மேலேயே அளந்ததில் 5.01. கீழ்ப் பலகையில் டிஎல்7705-இன் 7-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவில் 4.99. ஸ்கோப்பில் அலை 10 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு.

ஆறு மணி நேரம் டெமோவிலேயே ஓடவிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் போய்க் கனெக்டரை விரலால் தொட்டுப் பார்த்தேன், அறைச் சூடுதான். கடைசியில் மறுபடி அளந்தபோது 4.99. முன்னவர் கழற்றிக் கொடுத்த பழைய 68000-ஐ ஒரு ஆர்வத்தில் சாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஆட்டம் ஓடியது. அந்த இரண்டு ரேம் ஐசிகளும் நல்லவையே. மூன்றையும் நுரைப் பஞ்சில் குத்தி, "பழுதில்லை" என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.